பழைய வீட்டில் மறைந்து கிடக்கும் கழிவுநீர்ச் சேம்பர்களைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிப்பறையில் ஊற்றிய நீர் இறங்காமல் நிற்கும் அன்றுதான் பெரும்பாலான வீடுகளில் ‘சேம்பர் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வி எழுகிறது. வீட்டைக் கட்டியவர் இருக்க மாட்டார். வரைபடம் இருந்தாலும் அதில் சுவர்கள் இருக்குமே தவிரக் குழாய்கள் இருக்காது. வந்திருக்கும் பிளம்பரோ தரையை உடைக்கத் தயாராக நிற்பார். சென்னையிலும் அதைப் போன்ற பழைய நகரங்களிலும் உள்ள வீடுகளை மனத்தில் வைத்து, உடைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றை இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். மேற்கு மாம்பலத்தில் 1960-களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டில் இந்தத் தேடலை நானே செய்திருப்பதால், அந்த அனுபவமும் இடையிடையே வரும்.

கட்டும்போது இருந்த சேம்பர் மூடிகள் இப்போது ஏன் கண்ணில் படுவதில்லை?

நாம்தான் அவற்றை மூடிவிடுகிறோம். சாலை போடும்போதெல்லாம் பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய அடுக்கைப் போட்டுவந்த வழக்கத்தால், சென்னையின் பல தெருக்களில் பழைய வீடுகள் சாலையைவிடத் தாழ்ந்துவிட்டன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க, வீட்டுக்காரர்கள் முன்வாசலிலும் பக்கவாட்டு நடையிலும் கட்டட இடிபாட்டைக் கொட்டி மட்டத்தை உயர்த்தி, அதன் மேல் சிமெண்டோ டைல்ஸோ பேவர் கல்லோ பதித்தார்கள். அப்படி உயர்த்தும்போது சேம்பரின் சுவரையும் கூடவே நாலு வரி செங்கல் உயர்த்தி, மூடியைப் புதிய மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்தச் சிறு வேலையைத் தவிர்த்ததன் விளைவைத்தான் அடுத்த தலைமுறை தேடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் நான் சிறுவனாக இருந்தபோது தெருவிலிருந்து ஏறி வர மூன்று படிகள் இருந்தன. இன்று ஒன்றுதான் இருக்கிறது. மீதி இரண்டும் எங்கே போயினவோ அங்கேதான் சேம்பர் மூடிகளும் போயிருந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. துணி துவைக்கும் கல் இருந்த இடத்தில்தான் வழக்கமாகக் கல்லி டிராப், அதாவது கழிவுநீர் வந்து விழும் சிறு தொட்டி, இருக்கும். சலவை இயந்திரம் வந்ததும் கல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தைச் சமன்செய்து டைல்ஸ் ஒட்டிய வீடுகள் ஏராளம். ஆகவே, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடம் ‘சேம்பர் எங்கே?’ என்று கேட்பதைவிட ‘துவைக்கிற கல் எங்கே இருந்தது? பாத்திரம் எங்கே துலக்கினீர்கள்?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பலருக்கு விடை தெரியாது; இரண்டாவது கேள்விக்கு எழுந்துபோய்க் கையாலேயே இடத்தைக் காட்டுவார்கள்.

எவற்றையெல்லாம் தேடுகிறோம்?

எல்லாவற்றையும் ‘சேம்பர்’ என்றே சொல்லிவிடுகிறோம் என்றாலும், அவை ஒன்றல்ல. குளியலறைத் தரையில் சல்லடை மூடியோடு இருப்பது நாணி டிராப். குளியலறை நீரும் சமையலறை நீரும் வெளியே வந்து விழும் சிறு தொட்டி கல்லி டிராப். இது பெரும்பாலும் ஓர் அடிக்கு ஓர் அடி அளவில், உள்ளே ஒரு சல்லடையோடும், நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுக்க எப்போதும் நீர் தேங்கி நிற்கும் வளைவோடும் இருக்கும். மலக்குழாயும் கல்லி டிராப்பிலிருந்து வரும் குழாயும் சேருமிடத்தில், அல்லது குழாய் திசைமாறும் இடத்தில், செங்கல் கட்டி உள்ளே பூசிய சற்றுப் பெரிய தொட்டி இருக்கும். அதுவே முறையான சேம்பர். அதன் அடியில் அரைவட்ட வாய்க்கால் ஓடும். அதற்குள் குச்சியை விட்டு இருபுறமும் அடைப்பெடுக்கலாம். தெருவுக்குப் போகுமுன் மதிற்சுவரை ஒட்டி உள்ள கடைசிச் சேம்பரில், சில பழைய வீடுகளில், தெருச் சாக்கடையின் வாயுவைத் தடுக்கும் பெரிய வளைவு ஒன்றும், அதற்கு மேலே அடைப்பெடுப்பதற்காகவே விடப்பட்டு மூடியால் அடைக்கப்பட்ட ஒரு குழாய் வாயும் இருக்கும். சுவரோடு இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயின் வளைவுகளில் திருகாணி போட்ட சிறு கதவு இருந்தால், அதுவும் ஒரு திறப்புதான். பல அடுக்கு சுண்ணாம்பும் பெயிண்டும் பூசப்பட்டு அது குழாயோடு குழாயாக மறைந்திருக்கும்.

தேடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தரையிலிருந்து அல்ல, சுவரிலிருந்து. வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, மொட்டைமாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்களைப் பாருங்கள். தலையில் கூண்டுபோன்ற தொப்பி வைத்த நாலு அங்குலக் குழாய் காற்றுப்போக்கி. அது எந்தச் சுவரில் கீழே இறங்குகிறதோ அந்தச் சுவரடியில்தான் உங்கள் கழிவுநீர்ப் பாதை தொடங்குகிறது. மலக்குழாய் மண்ணுக்குள் நுழையும் இடத்துக்கு அருகில், வழக்கமாகச் சில அடிகளுக்குள்ளேயே, முதல் சேம்பரைக் கட்டியிருப்பார்கள்.

அடுத்து மறுமுனையைப் பாருங்கள். தெருவில் உங்கள் வீட்டுக்கு முன்னுள்ள மேன்ஹோல் எங்கே இருக்கிறது, நடைபாதையிலோ மதிற்சுவரின் அடியிலோ குழாய் வெளியேறிய தடம் தெரிகிறதா, அண்டை வீட்டின் கடைசிச் சேம்பர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே காலத்தில், ஒரே மேஸ்திரி கட்டிய வீடுகள் அடுத்தடுத்து இருந்தால், பக்கத்து வீட்டின் அமைப்பு உங்கள் வீட்டின் கண்ணாடிப் பிம்பமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்து வீட்டாரிடம் ஐந்து நிமிடம் அனுமதி கேட்டுப் பார்ப்பதற்கு நிகரான குறுக்குவழி வேறில்லை.

இரண்டு முனைகளும் தெரிந்துவிட்டால், நடுவில் உள்ளதைக் கணிக்க இரண்டு விதிகள் போதும். முதலாவது, கழிவுநீர்க் குழாய் ஒரு சேம்பரிலிருந்து அடுத்த சேம்பர் வரை நேர்கோட்டில்தான் போகவேண்டும். திரும்ப வேண்டுமென்றால் திருப்பத்தில் ஒரு சேம்பர் வேண்டும். எனவே பின்பக்கக் கழிப்பறையிலிருந்து பக்கவாட்டு நடைக்கு வந்து தெருவை நோக்கித் திரும்பும் பாதை என்றால், அந்த மூலையில் ஒன்று இருந்தே ஆகவேண்டும். இரண்டாவது, அது இறங்கிக்கொண்டே போகவேண்டும். பழைய மேஸ்திரிகள் நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, ஆறு அங்குலக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுப்பார்கள். அதாவது நாலு அங்குலக் குழாய் இருபது அடி ஓடினால் ஆறு அங்குலம் இறங்கியிருக்கும். கிடைத்துவிட்ட ஒரு சேம்பரில் குழாயின் ஆழத்தை அளந்து, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும், நீர் நிரப்பிய குழாய்) வைத்து மேல்மட்ட வேறுபாட்டையும் கழித்துவிட்டால், அடுத்த சேம்பரில் குழாய் ஏறக்குறைய எந்த ஆழத்தில் இருக்கும் என்பதைத் தோண்டாமலே சொல்லிவிடலாம்.

இவை அனைத்தையும் ஒரு தாளில் வரைந்து, பாதையைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையிலும் கோடாக இழுத்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் தேட வேண்டிய இடம் முழு நடையிலிருந்து மூன்று நான்கு டைல்ஸ் அளவுக்குச் சுருங்கிவிடும்.

தரையின் மேற்பரப்பிலேயே அடையாளம் ஏதும் தெரியுமா?

பொறுமையாகப் பார்ப்பவருக்குத் தெரியும். மூடியும் சுற்றியுள்ள மண்ணும் ஒரே விதமாக அமுங்குவதில்லை. ஆகவே, சிமெண்டுத் தரையில் செவ்வகத்தின் ஒரு மூலைபோல மயிரிழை விரிசல் ஓடும், அல்லது டைல்ஸின் இடைவெளிப் பூச்சு இரண்டு பக்கங்களில் மட்டும் உதிர்ந்திருக்கும். மழை நின்றபின் தரை உலர்வதைக் கவனியுங்கள்: அடியில் மண் இல்லாத இடம் சுற்றுப்புறத்தைப் போலவே உலராது, ஒரு கட்டம் மட்டும் வேறு நிறத்தில் சிறிது நேரம் தங்கி நிற்கும். கரப்பான்கள் இரவில் ஒரே விரிசலிலிருந்து வருகின்றன என்றால், அந்த விரிசலுக்கு அடியில் காற்றும் ஈரமும் உள்ள வெற்றிடம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு, அரைமணி கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் இது புரியும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் நம்பத்தக்க சாட்சி அது.

செடிகொடிகளும் சொல்லும். நடை ஓரத்தில் யாரும் நீரூற்றாத இடத்தில் ஒரு கன்று மட்டும் செழித்து வளர்கிறது என்றால், அதன் வேர் குழாயின் இணைப்பைக் கண்டுபிடித்திருக்கலாம். சுட்ட மண்ணாலான பழைய ஸ்டோன்வேர் குழாய்கள் இரண்டடித் துண்டுகளாக வந்தவை. ஒவ்வொரு இணைப்பிலும் சிமெண்டுப் பூச்சு. அது விட்டுப்போன இடத்தில் வேர் நுழையும்.

தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும்; ஆனால் எங்கே தட்ட வேண்டும் என்பதை முதலில் கணித்திருந்தால்தான் பயன். மரக் கைப்பிடி அல்லது கடப்பாரையின் தலைப்பக்கத்தால், வரைந்த கோட்டின் மேல் அரையடிக்கு ஒருமுறை மெதுவாகத் தட்டிக்கொண்டு போங்கள். நிறைந்த மண்ணின் மேல் ‘டொக்’ என்று ஓசை உடனே அடங்கும். வெற்றிடத்தின் மேல் ‘டம்’ என்று சற்று நேரம் நிற்கும். அதிகாலை ஐந்து மணிக்குச் செய்தால் இந்த வேறுபாடு நன்றாகக் கேட்கும்.

இதில் ஏமாற இடமுண்டு. சரியாக ஒட்டாத டைல்ஸும் அப்படியே ஒலிக்கும். ஒரே ஒரு டைல் மட்டும் ஒலித்தால் ஐயப்படுங்கள். இரண்டு மூன்று டைல்ஸின் பகுதிகளைக் கடந்து, இடைவெளிக் கோடுகளைப் பொருட்படுத்தாமல் ஒரு செவ்வகமாக ஒலி வந்தால் நம்புங்கள். மூடிக்கு மேல் முக்கால் அடிக்குமேல் மண் இருந்தால் தட்டல் உதவாது. தோட்ட மண்ணாக இருந்தால் தட்டுவதற்குப் பதிலாக, கூர்மையான அரை அங்குலக் கம்பியைக் கையழுத்தத்தால் மட்டும் இறக்கிப் பார்க்கலாம். சம்மட்டியால் அடித்து இறக்கினால் குடிநீர்க் குழாயையோ மின்கம்பியையோ துளைத்துவிடும்.

நீரை ஊற்றிச் சோதிப்பது எப்படி?

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கழிப்பறையில் ஒரு வாளி நீரை ஒரே வீச்சில் ஊற்ற, மற்றவர் நடையில் கோட்டின் மேல் குந்தியிருந்து காதைக் கொடுக்க வேண்டும். ஒரு மரக்குச்சியின் ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைக் காதுமடலின் முன்பகுதியிலும் வைத்தால் ஓசை தெளிவாகும். குழாய்க்குள் ஓடும் நீர் ‘சர்’ என்று கடந்துபோகும். சேம்பருக்குள் விழும் நீர் சலசலக்கும். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த பிளம்பர், நடை முழுவதையும் உடைத்துவிட்டால் எங்கேயாவது கிடைக்கும் என்றார். இரண்டாவதாக வந்த வயதான மேஸ்திரி எதையும் உடைக்கவில்லை. என்னை மாடிக்கு அனுப்பிப் பத்துமுறை நீரூற்றச் சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக்கட்டி, நடையில் ஒவ்வோர் இடமாக நகர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, ஈர விரலால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்தக் குறிக்கு அடியில் ஒன்பது அங்குல ஆழத்தில் மூடி இருந்தது.

எந்தத் திறப்பு எதனோடு சேர்கிறது என்பதை அறிய நிறநீர் உதவும். சொட்டு நீலத்தையோ உணவுக்கு இடும் நிறப்பொடியையோ ஒரு வாளி நீரில் அடர்த்தியாகக் கரைத்து ஊற்றி, கீழே திறந்திருக்கும் சேம்பரில் அது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதே பாதை. வரவில்லை என்றால், இடையில் அடைப்பு, அல்லது நீங்கள் அறியாத இரண்டாவது பாதை.

அடைப்பெடுக்கும் மூங்கில் பிளாச்சையோ ஸ்பிரிங்கையோ வைத்துத் தூரத்தை அளக்கலாமா?

கட்டாயம் அளக்க வேண்டும். அடைப்பெடுக்க வருபவர்கள் ஸ்பிரிங்கை விட்டு, எடுத்து, கழுவி, போய்விடுகிறார்கள்; அது சொல்லும் செய்தியை யாரும் கேட்பதில்லை. கல்லி டிராப் போன்ற தெரிந்த திறப்பிலிருந்து ஸ்பிரிங்கைச் செலுத்தும்போது, குழாய்க்குள் இருக்கும்வரை அது இறுக்கமாகப் போகும். ஒரு சேம்பருக்குள் நுழைந்ததும் கையில் இருந்த இறுக்கம் திடீரென விட்டு, முனை தளர்ந்து சுருளும். அந்தக் கணத்தில் திறப்பின் விளிம்பில் ஸ்பிரிங்கின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டு வெளியே இழுத்து, துணியிலிருந்து முனைவரை அளந்தால் சேம்பரின் தூரம் கிடைத்துவிடும். குழாய் கீழே இறங்கி வளைந்து போவதற்காக ஓரடி, ஒன்றரை அடி கழித்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஸ்டோன்வேர் குழாயில் கடப்பாரையையோ கம்பியையோ விட்டு இடிக்காதீர்கள். அது சுட்ட மண். உடைந்தால் நடையைப் பிளந்துதான் மாற்ற வேண்டியிருக்கும்.

மெட்டல் டிடெக்டர், கேமரா போன்ற கருவிகள் தேவையா?

மூடி வார்ப்பிரும்பாக இருந்தால் மெட்டல் டிடெக்டர் சில நிமிடங்களில் காட்டிவிடும். ஆனால் நம் பழைய வீடுகளில் பல மூடிகள் கடப்பா கல்லாலானவை. எங்கள் வீட்டிலும் அதுதான் இருந்தது. கல்லுக்குக் கருவி வாய் திறக்காது. கான்கிரீட் மூடியில் கம்பி இருப்பதால் காட்டக்கூடும். ஆனால் நடையைக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டிருந்தால் எல்லா இடத்திலும் ஒலித்துக் குழப்பும்.

குழாய்க்குள் செலுத்தும் கேமரா இன்று பெருநகரங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. கேமரா எடுத்து வருபவரிடம், அதன் தலையில் ஒலிபரப்பி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒலிபரப்பி அனுப்பும் 512 ஹெர்ட்ஸ் சமிக்ஞையைத் தரைக்கு மேலே ஒரு கையடக்கக் கருவியால் பிடித்து, கேமராவின் தலை நிற்கும் இடத்தையும் ஆழத்தையும் குறிக்கலாம். ஒலிபரப்பி இல்லாத கேமரா படத்தை மட்டுமே தரும். ‘உள்ளே சேம்பர் இருக்கிறது’ என்று தெரிந்தாலும், அது எந்த டைலுக்கு அடியில் என்று தெரியாது. இதற்குச் செலவு செய்வதற்கு முன் மேலே சொன்ன எளிய வழிகளைச் செய்து பாருங்கள் என்பதே என் கருத்து.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் எங்கே தேடுவது?

அவ்வீடுகளில் பக்கவாட்டு நடையே கிடையாது. ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று வீடு ஒரே நீளமாகப் போகும். கழிப்பறை கொல்லையின் கடைசியில் இருக்கும். பாதாள சாக்கடை இணைப்பு வந்தபோது கொல்லையிலிருந்து தெருவரை வீட்டின் அடியிலேயே குழாயைக் கொண்டுவந்திருப்பார்கள். அல்லது பின்பக்கச் சந்து இருந்தால் அதன் வழியே விட்டிருப்பார்கள். முன்பக்கம் எவ்வளவு தேடியும் கடைசிச் சேம்பர் கிடைக்கவில்லை என்றால் பின்சந்தைப் பாருங்கள். எடுப்புக் கழிப்பறை இருந்த காலத்தில், மலம் அள்ளும் தொழிலாளர்கள் வந்துபோவதற்கென்று விடப்பட்ட சந்துகள் அவை. ஒரு சமூகத்தை வீட்டின் முன்வாசலுக்கு வரவிடாத வழக்கம் அந்தக் கட்டட அமைப்பிலேயே பதிந்திருக்கிறது.

வீட்டுக்குள் என்றால், முற்றத்தின் மூலையைத் தேடுங்கள். நடுவழியில் திறப்பு விட இடம் அது ஒன்றுதான். முற்றத்துக்கு மேல் தளம்போட்டு அறையாக்கிய வீடுகளில், மூடி இன்று கட்டிலுக்கு அடியில் இருக்கலாம்.

பாதாள சாக்கடை இல்லாத பகுதியில் செப்டிக் டேங்கின் மூடியை எப்படிக் கண்டறிவது?

மலக்குழாய் போகும் திசை, தனியாக நிற்கும் காற்றுப்போக்கிக் குழாய், கிணற்றின் இடம் ஆகிய மூன்றும் வழிகாட்டும். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் கிணறு ஈசானிய (வடகிழக்கு) மூலையிலும் செப்டிக் டேங்க் வாயு (வடமேற்கு) மூலையிலும் இருப்பது வழக்கம். வாஸ்துவில் நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, கட்டியவருக்கு நம்பிக்கை இருந்ததா என்பதுதான் இங்கே முக்கியம். டேங்க் நீள்சதுரமாக, அகலத்தைப் போல் இரண்டு மடங்கோ அதற்குமேலோ நீளமாக இருக்கும். உள்ளே தடுப்புச் சுவர் உண்டு என்பதால், ஒரு மூடி கிடைத்ததும் நிறுத்திவிடாமல் மறுமுனையிலும் இன்னொன்றைத் தேடுங்கள். ஒன்றை மட்டும் திறந்து உறிஞ்சினால் மற்ற அறையில் கசடு அப்படியே கிடக்கும். பழைய மூடியின் கம்பி துருப்பிடித்து உளுத்திருக்கும். அதன் மேல் ஏறி நிற்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

கிடைத்த மூடி கழிவுநீருடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

நல்ல கேள்வி; அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான். முன்வாசலில் குடிநீர் சம்ப், மீட்டர் பெட்டி, மின்சார எர்த் குழி, மழைநீர் சேகரிப்புக் குழி என்று பல மூடிகள் இருக்கலாம். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது, பழைய வீடுகளிலும் கூழாங்கல் நிரப்பிய குழிகள் தோண்டப்பட்டன. அப்படியொரு குழியை, நாம் தேடிய சேம்பர் என்று எண்ணி அடைப்பு நீரை அதற்குள் திருப்பிவிட்டால், நேராக நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். மூடியைத் திறந்ததும் நிறநீர்ச் சோதனையைச் செய்து, பாதையை உறுதிப்படுத்திய பிறகே மேற்கொண்டு வேலை செய்யுங்கள். கழிவுநீர்ச் சேம்பர் சம்ப்புக்கு மிக அருகில் இருப்பது தெரியவந்தால், சம்ப்பின் சுவரில் கசிவு இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

திறக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. இதைவிட முக்கியமான வரி இந்தப் பக்கத்தில் இல்லை. நெடுநாள் மூடியிருந்த சேம்பரிலும் செப்டிக் டேங்கிலும் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றமாகத் தெரியும். செறிவு கூடும்போது மூக்கின் உணர்வையே அது மரக்கச் செய்துவிடும். ‘நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்’ என்று நினைத்து இறங்கியவரும், அவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கியவர்களும் இறந்துபோன செய்திகளைத் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் படிக்கிறோம். மீத்தேன் தீப்பற்றக் கூடியது என்பதால் தீக்குச்சியோ பீடியோ அருகில் வேண்டாம். மூடியை நெம்புகோலால் ஒருபுறம் தூக்கி, கல்லை வைத்து, வெகுநேரம் காற்றாட விட்டு, முகத்தை நேர்மேலே நீட்டாமல் எட்ட நின்று டார்ச்சால் பாருங்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. கைகளால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம்செய்ய ஆளை அமர்த்துவதைத் தடுக்கிறது. இது அரசு அமைப்புகளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்பணியில் உயிரிழப்பவரின் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது. செப்டிக் டேங்கைச் சுத்தம்செய்ய 14420 என்ற உதவி எண்ணை அழைத்து, உரிமம் பெற்ற உறிஞ்சு வண்டியை வரவழைக்கலாம்.

தெருவிலுள்ள மேன்ஹோலை நாமே திறந்து பார்க்கலாமா?

கூடாது. சென்னையில் அது 1978-இல் அமைக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு. உங்கள் கடைசிச் சேம்பர் கிடைத்து, அதில் நீர் நிரம்பி நின்றால் அடைப்பு தெருப்பக்கம்; வறண்டிருந்தால் அடைப்பு உங்கள் வீட்டுப்பக்கம். இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிப் பகுதி அலுவலகத்திலோ 1916 எண்ணிலோ புகார் செய்தால், வருபவர்களுக்கும் வேலை எளிது.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை; சேம்பரே இல்லாமல் கட்டியிருப்பார்களா?

சில வீடுகளில் உண்டு. குழாயைத் திருப்பத்தில் வெறும் வளைவு வைத்து இணைத்துவிட்டுச் சேம்பர் செலவை மிச்சப்படுத்தியிருப்பார்கள். பின்னாளில் சேர்த்த அறை பழைய சேம்பரின் மேலேயே எழும்பியிருப்பதும் உண்டு. அப்படியானால் தேடலை நிறுத்திவிட்டு, கணித்த கோட்டில், எளிதில் அணுகத்தக்க ஓரிடத்தில் குழாயை மட்டும் கண்டடைந்து, அங்கே புதிய சேம்பர் கட்டுவதே அறிவுடைமை. அறைக்குள் மூடி சிக்கியிருந்தால், நாற்றம் கசியாதபடி இரட்டை மூடி போடுங்கள்; முடியும்போது குழாயையே வெளிப்புறமாக மாற்றுங்கள்.

மூடி கிடைத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

மறுபடி மண்ணைத் தள்ளி மூடிவிடாதீர்கள். சுவரைச் செங்கல் வைத்து இன்றைய தரைமட்டம் வரை உயர்த்தி, உட்புறம் பூசி, சட்டத்தோடு கூடிய மூடி போடுங்கள். தரை அழகு கெடும் என்று தோன்றினால், மேலே டைல் பதிக்கக்கூடிய பள்ளமான மூடிகள் கடைகளில் கிடைக்கின்றன. தரையோடு தரையாக இருக்கும், கொக்கியால் தூக்கலாம்.

பிறகு ஒவ்வொரு மூடியையும் இரண்டு நிலையான இடங்களிலிருந்து அளந்து எழுதுங்கள். ‘வடக்கு மதிலிலிருந்து 3 அடி 2 அங்குலம், சமையலறைப் பின்மூலையிலிருந்து 7 அடி, குழாயின் ஆழம் 2 அடி 4 அங்குலம்’ என்பதுபோல. ‘செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் செடி போனதும் குறிப்பும் போய்விடும். திறந்திருக்கும்போதே அளவு நாடாவோடு சேர்த்துப் புகைப்படம் எடுங்கள். நான் அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன்; இன்னொரு பிரதியைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மின்பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அண்மையில் நான் ஊரில் இல்லாதபோது அடைப்பு ஏற்பட்டது. வந்த பிளம்பர் அந்தத் தாளைப் பார்த்து, நேராகப் போய் இரண்டாவது மூடியைத் தூக்கியிருக்கிறார். முக்கால் மணி நேரத்தில் நீர் இறங்கிவிட்டது.